சுங்கவரியும் கோமதியும்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய். "ம்மா, நான் இங்க வேலைய விட்டுட்டு ஆம்பூருக்கே வந்துடட்டுமா?" என்றாய். குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த உன் அப்பா, "இல்லாத குக்கரு நல்லாத்தான் விசில் அடிக்குது" என்றார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதருக்கு என்னைக் கிண்டல் செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. வேறொரு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று எனக்கு வாயே வரவில்லை. "வா" என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. சொல்லக் கூடாது என்று ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது. அது என்ன என்று எனக்கே புரிய இந்த ஒரு வாரம் ஆயிற்று.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நம் இருவருடைய பேச்சும் எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, எப்படியோ சுற்றி வளைத்துச் சுங்கவரியில் வந்து நின்றுவிடும். அப்புறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாண வீட்டு அம்மா எழுதுகிற கடிதம் மாதிரி இது இருக்காது. முழுதும் படி.

நம் ஷூ கம்பெனியின் நிலைமையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நாம் செய்கிற லேடீஸ் ஷூ போகிற இடம் ஒன்றே ஒன்று, அமெரிக்காவில் மொத்தமாக வாங்குகிற ஒரு வியாபாரி. ஒரே ஆளை நம்பி இருக்காதே என்று நீ கல்லூரியில் படிக்கும்போதே சொன்னாய். நல்ல விலை கொடுக்கிறான், நேரத்துக்குப் பணம் வருகிறது, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அவன் அரசாங்கம் நம் சரக்கின் மேல் வரியை ஏற்றியதும் சென்னையில் இருக்கும் அவனுடைய ஏஜென்ட் கூப்பிட்டார். "மேடம், வரியில பாதிய நீங்க ஏத்துக்கணும்" என்றார். வரி போட்டது அவர்கள் அரசாங்கம், ஷூவைப் போடப்போவது அவர்கள் ஊர்ப் பெண்கள், நடுவில் நான் எதற்கு என்றேன். "அப்ப ஆர்டர் வியட்நாமுக்குப் போய்டும் மேடம்" என்றார், மரியாதையாகத்தான். ஒரு ஆர்டருக்கு ஒப்புக்கொண்டேன். நஷ்டத்துக்குத்தான் தைத்து அனுப்பினோம். அதற்கப்புறம் ஆர்டரே வரவில்லை. வரி குறையப்போகிறது என்று இன்றைக்கு ஒரு செய்தி, இல்லை, இன்னும் கூடும் என்று நாளைக்கு ஒரு செய்தி. வாரம் முழுக்க ஓடிய ஸ்டிச்சிங் ஹால் இப்போது மூன்று நாள்தான் ஓடுகிறது. மூடினால் வீட்டை வைத்து வாங்கிய பேங்க் கடன் கழுத்தைப் பிடிக்கும். நடத்தினால் மாதா மாதம் கையைக் கடிக்கும். மூச்சு முட்டுகிறது கண்ணா. காலையில் கேட்டைத் திறந்து உள்ளே போகும்போது, யாரோ வெளியே நின்று பூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் உன் கொள்கை எனக்குத் திடீரென்று பிடித்துப்போனது. நீ வெளிநாட்டுக்குப் போன புதிதில் "நான் ஒரு லிபர்டேரியன் ம்மா" என்று சொன்னபோது, நம் சர்ச்சை விட்டு ஏதோ சபை மாறிவிட்டாய் என்று பயந்தேன். அப்புறம் பொறுமையாக விளக்கினாய். ஒருவருடைய உடம்பும் உழைப்பும் அவருக்கே சொந்தம். அடிக்காமல், ஏமாற்றாமல், இரண்டு பேர் மனமொத்துச் செய்கிற கொடுக்கல் வாங்கலில் மூன்றாவது ஆள் கை வைக்கக் கூடாது, அந்த மூன்றாவது ஆள் அரசாங்கமே ஆனாலும். அதனால் சுங்கவரி என்பது துறைமுகத்தில் நின்று செய்கிற பறிப்பு என்றாய். நம் வயிற்றில் அடி விழாதவரை எனக்கு அது படித்த பிள்ளைகளின் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது. அடி விழுந்ததும் அதே பேச்சு வேதவாக்காகிவிட்டது. ஷூ கம்பெனிக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று உன் பேச்சை அப்படியே எடுத்துவிட்டேன். "விக்கிறது ஆம்பூர் பொம்பள, வாங்குறது அமெரிக்கா பொம்பள. ரெண்டு பேருக்கும் சம்மதம். நடுவுல நின்னு கைய நீட்றதுக்கு நீ யாருய்யா?" என்றேன். கைதட்டல் நிற்கவில்லை. தோல் தொழிலில் என்னைவிட மூத்த ரஹீம் பாய், "அக்கா, நீங்க எலெக்ஷன்ல நில்லுங்க, நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அதே கூட்டத்தில் இரண்டாவதாக ஒரு தீர்மானம் வந்தது. வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து இறங்குகிற மலிவு ஷூக்களுக்கு நம் அரசாங்கம் வரியைக் கூட்ட வேண்டும், ஏற்றுமதிதான் போயிற்று, உள்நாட்டு வியாபாரமாவது நமக்கு மிஞ்சட்டும் என்று. நான் கையைத் தூக்கினேன். கையெழுத்தும் போட்டேன். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ம்மா, ஒரே மீட்டிங்ல ரெண்டுமா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் சொன்னாலும் நான் சொன்னதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பாலாற்றில் கழிவை விட்ட காலம் போய், ஊரில் தோல் பதனிடுகிற டேனரிகள் எல்லாம் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையம் நடத்துகின்றன. அந்தச் செலவு தோல் விலையில் ஏறி என் தலையில் விடிகிறது. நான் பி.எஃப். கட்டுகிறேன், இ.எஸ்.ஐ. கட்டுகிறேன். எங்கேயோ ஒருவன் அவன் ஊர் ஆற்றிலேயே கழிவைக் கொட்டிவிட்டு, அவன் அரசாங்கம் கொடுக்கிற ஓசி கரண்டில் ஷூ செய்து என் விலையில் பாதிக்கு இங்கே கொண்டுவந்து குவித்தால், அதற்குப் பெயர் சுதந்திரமா? எல்லாரையும் பந்தயத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்கிறாய், சரி. என் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன்.

நீ விடவில்லை. "ஆத்துல கொட்டுறவன் மேல கேஸ் போடு ம்மா. அதுக்கு ஏன் பேர்ணாம்பட்டுல இஸ்கூலுக்குப் போற பொண்ணு செருப்புக்கு ஜாஸ்தி காசு குடுக்கணும்?" என்றாய். அந்த ஊர் அரசாங்கம் தன் ஜனங்களின் வரிப்பணத்தைப் போட்டு நமக்கு மலிவாகக் கொடுத்தால் அது நம் ஏழைகளுக்கு வந்த இனாம் என்றாய். நாம் கடை மூடுகிறவரைக்கும்தான் இனாம், மூடின பிறகு அவன் வைத்ததுதான் விலை என்றேன். அப்படி நடந்தால் அன்றைக்கு வேறு ஒருவன் கடை திறப்பான் என்றாய். திறப்பான், அதுவரை என் ஹாலில் இருக்கிற பெண்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அப்போது நீயும் ஒன்றை ஒப்புக்கொண்டாய், அது உன்னிடம் எனக்குப் பிடித்தது. உங்கள் கொள்கைக்காரர்களிலேயே சிலர், அரசாங்கம் நடக்க ஏதோ ஒரு வரி வேண்டும் என்றால், வீட்டுக்குள் நுழைந்து சம்பளக் கணக்குக் கேட்கிற வரியைவிடத் துறைமுகத்தில் எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி கொஞ்சமாக வாங்குகிற வரி மேல் என்று சொல்வதுண்டு என்றாய். நான் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த உன் அப்பா, "அவன் சொல்றது செலவுக்கு வாங்குற வரி. நீ கேக்குறது வேலி. ரெண்டும் ஒண்ணாடி?" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை வாயடைத்துவிட்டீர்கள்.

வாயடைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று நீ அந்த விளையாட்டு விழாவை இழுத்தாய். ஆறாம் வகுப்பில் நீ கேன்வாஸ் ஷூ கேட்டு அடம்பிடித்தாய். ஷூ கம்பெனி வைத்திருக்கிறவள் பிள்ளைக்கு வெளியே ஷூ வாங்குவதா என்று நான் மறுத்துவிட்டேன். நம் கம்பெனியிலேயே செய்து தருகிறேன் என்றேன். நம்மிடம் இருந்த கால் வடிவ அச்சுக்கட்டைகள் எல்லாம் லேடீஸ் அளவு, முனை குறுகலாக இருக்கும். ஷூவைக் கட்டைமேல் இழுத்துப் பொருத்துகிற மாஸ்டர், "மேடம், ஆம்பளப் புள்ள காலு இதுல அடங்காது" என்று சொல்லிப் பார்த்தார். அடங்கும் என்று அதட்டினேன். பளபளவென்று கறுப்புத் தோலில் வந்தது அந்த ஷூ. நீ ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். சாக்ஸைக் கழற்றினால் இரண்டு சுண்டுவிரலிலும் கொப்புளம். உன் வகுப்புப் பையன்கள் உன்னை அக்கா என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். "எங்க வீட்டுல இம்போர்ட்டுக்குத் தடை போட்டதுல நான் கண்ட பலன் அதுதான் ம்மா" என்றாய் போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது. நம் ஊர் கம்பெனிகளுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, நீ இங்கே இருந்தபோது கவனித்திருக்கமாட்டாய். ஒரு கம்பெனியில் வேலை செய்கிற பெண் இன்னொரு கம்பெனியில் போய் வேலை கேட்டால், அந்த முதலாளி உடனே எடுக்கமாட்டார். முதலில் பழைய முதலாளிக்கு ஒரு போன் செய்வார். உங்க ஆள் வந்திருக்கு, எடுத்துக்கட்டுமா என்று கேட்பார். இவர் சரி என்றால் அங்கே வேலை. வேண்டாம் என்றால் இடமில்லை என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, இதற்கென்று யாரும் கூட்டம் போட்டதும் கிடையாது. தையல் பழக்கி ஆளாக்கிய பெண்ணை சீசன் நேரத்தில் ஒருவர் கம்பெனியிலிருந்து ஒருவர் இழுத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாமல் இருக்க வந்த ஏற்பாடு. நாங்கள் அதை மரியாதை என்றுதான் சொல்லுவோம். எனக்கும் எத்தனையோ போன் வந்திருக்கிறது, நானும் எத்தனையோ செய்திருக்கிறேன். நடுவில் நிற்கிற பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானே மிஷினில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவள். எனக்கே தோன்றியதில்லை.

சங்கக் கூட்டம் முடிந்து கொஞ்ச நாளில், பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ரஹீம் பாய் கூப்பிட்டார். அவருக்கு ஐரோப்பாவிலிருந்து ஆர்டர், அங்கே இந்த வரிப் பிரச்சினை இல்லை. "அக்கா, உங்க கோமதி வந்துருக்கு. எடுத்துக்கட்டுமா?" என்றார். கோமதியை உனக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து, ஷூவின் முன்பக்கத்தைத் தைக்கிறவள், உனக்கு ஒருமுறை கிழிந்த பள்ளிக்கூடப் பையைத் தைத்துக் கொடுத்தாளே, அவள்தான். "வேணாம் பாய். அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும், எனக்கு வேணும்" என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் ஆர்டர் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்தால் கோமதி வேண்டுமே என்று ஒரு பயம். வழியில் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உன் அப்பாவோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை, அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஹால் ஓடாத ஒரு நாளில், கோமதி ஆபீஸ் ரூமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு நாள் சம்பளத்துல வூட்டுக்காரருக்கு மருந்து வாங்குனா அரிசிக்கு இல்ல. பாய் கம்பெனில கேட்டேன். மொத இடம் இருக்குதுன்னாங்க, அப்புறம் இல்லன்னுட்டாங்க. ஏன்னு தெர்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா பாய் கேப்பாரு" என்றாள். அவள் வேலையைத் தடுத்தவளிடமே வந்து சிபாரிசு கேட்கிறாள். பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "விக்கிறவ கோமதி, வாங்குறவரு பாய். ரெண்டு பேருக்கும் சம்மதம். நடுவுல நீ யாரு?" என்றார். என் மேடைப் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அமெரிக்க அரசாங்கமாவது சட்டம் போட்டு, பேப்பரில் வெளியிட்டு, ஊரறிய வாங்குகிறது. இவ்வளவு வரி என்று தெரியும், கட்டிவிட்டுச் சரக்கை உள்ளே கொண்டுபோக ஒரு வழியாவது இருக்கிறது. நான் போட்டது கோமதிக்கே தெரியாத தடை, கட்டித் தீர்க்க வழியில்லாத தடை. அதை வைத்து எனக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. அவளுக்கு வேலை கொடுக்கவும் என்னிடம் இல்லை, அவளை விடவும் மனமில்லை. நான் மாட்டிக்கொண்டிருந்த கூண்டுக்குள் அவளையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன், துணைக்கு.

மறுநாள் காலையில் ரஹீம் பாய்க்குப் போன் செய்தேன். கோமதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "எடுத்துக்குறேன்க்கா. ஆனா ஒண்ண விட்டா மத்ததெல்லாம் பின்னாடியே கெளம்பும். நாளைக்கு வரி கொறஞ்சா உங்களுக்கு மிஷின் இருக்கும், ஆள் இருக்காது. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றேன். அப்புறம் கோமதியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பாய் இடமில்லை என்று சொன்னதற்கு நான்தான் காரணம், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் கத்துவாள், இல்லாவிட்டால் பரவாயில்லை மேடம் என்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டு, இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனோ இன்னாவோ மேடம். கேக்கவே இல்லியே" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கத்தரிக்கோலையும் உட்கார மெத்தையாக மடித்து வைத்திருந்த சேலைத் துண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரஹீம் பாய் சொன்னது பலித்தது. அந்த வாரத்திலேயே ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். யாரிடமும் மறுப்புச் சொல்லவில்லை. யார் போன் செய்து கேட்டாலும், "என்கிட்ட கேக்காதீங்க, அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க" என்றுதான் சொல்கிறேன். சங்கத்தில் சிலருக்கு என்மேல் கோபம், வழக்கத்தைக் கெடுக்கிறாள் என்று. இப்போது ஸ்டிச்சிங் ஹாலில் பாதி மிஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். உன் கொள்கை சரியா என்று நீ கேட்டால், கோமதி விஷயத்தில் சரி என்பேன். அது எனக்கு நல்லது செய்ததா என்று கேட்டால், இல்லை. கம்பெனி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்துவிட்டது. இரண்டாவது தீர்மானத்தில் போட்ட கையெழுத்தை நான் திரும்பப் பெறவும் இல்லை. பெற வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மிஞ்சியிருக்கிற பெண்களைப் பார்த்தால் வேண்டாம் என்று தோன்றுகிறது. வேலி போடுவது தப்பு என்று தெரிந்தும், வெள்ளம் வருகிற பக்கம் ஒரு வேலி வேண்டும் என்று மனசு கெஞ்சுகிறது. இதில் எனக்குத் தெளிவு வரவில்லை. வந்த மாதிரி நடித்து உனக்கு எழுத விருப்பமில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போன ஞாயிறு உன்னோடு பேசும்போதும் எனக்கு இது புரியவில்லை. இன்று காலை நம் சர்ச்சில் உன் கல்யாணத்துக்கு ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். உன் பெயரையும் ப்ரீத்தியின் பெயரையும் போதகர் சேர்த்து வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ப்ரீத்தி அவள் அப்பாவோடு காட்பாடியிலிருந்து வந்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் நின்றோம். கல்யாணம் முடிந்து அங்கே போனால் படிக்கப்போகிறாய் என்று சொன்னார்களே, விண்ணப்பம் போட்டாயா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அவள் கொஞ்சம் தடுமாறினாள். "இல்ல அத்தை, போடல. அவர் கம்பெனியப் பாத்துக்க இங்கயே வந்துடுவார்னு நீங்க சொன்னீங்கன்னு அப்பா சொன்னாங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல பெண்.

நான் சொன்னது உண்மைதான். நிச்சயம் பேசுகிற சமயத்தில் அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ளை அங்கயே இருந்துடுவாரா, இங்க வந்துடுவாரா?" என்று கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. "வந்துடுவான் சம்பந்தி. இதெல்லாம் அவனுக்குத்தானே" என்றேன். ரஹீம் பாய்க்குச் சொன்ன மாதிரியே சொன்னேன், அதே குரலில். ஆர்டர் போய், ஆள் போய், எல்லாம் கையை விட்டுப் போகிற நேரத்தில் உன்னையாவது இங்கே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்திருக்கிறது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ என்னிடம் "வந்துடட்டுமா" என்று கேட்டாயே, அது நீயாக நினைத்துக் கேட்ட கேள்வியா? ப்ரீத்தி தன் படிப்பை விட்டுவிட்டாள் என்று தெரிந்து, அவளுக்காக நீ உன் வேலையை விட யோசித்தாயா? அவள் உனக்காக விட்டாள், நீ அவளுக்காக விடப்போகிறாய், இரண்டுக்கும் நடுவில் நின்று கையை நீட்டியவள் நான்.

சர்ச்சிலிருந்து வந்ததும் சம்பந்திக்குப் போன் செய்தேன். நான் சொன்னது என் ஆசை, அவன் சொன்ன வார்த்தை இல்லை, இனிமேல் அவர்கள் இரண்டு பேரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். படட்டும். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். எனக்காக வராதே. நீ இங்கே வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்கமாட்டேன், ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு உங்கள் இருவரையும் விலையாக வாங்க எனக்கு உரிமை இல்லை. கம்பெனி நின்றால் நிற்கட்டும், வீடு போனால் உன் அப்பாவின் பென்ஷன் இருக்கிறது. நீயாக, நன்றாக யோசித்து, அவளும் சேர்ந்து, வர வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வா. அப்படி வந்தாலும் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு வா.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். அவள் படிப்பு விண்ணப்பத்துக்கு ஏதோ கடைசித் தேதி உண்டாமே. அது முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று மரத்தடியில் அவளிடம் கேட்க வாயைத் திறந்தேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. நீ கேள். என்ன பதில் வந்தாலும் எனக்குச் சொல்.

உன் அம்மா